சூடானால் இறுகும் கிளச்

போன வாரம் விருதுநகர் ரயில்வே கேட்டில், கதவு திறக்கக் காத்திருந்த சாம்சுந்தரின் வண்டி திடீரென்று துள்ளி, முன்னால் நின்ற பால் வேனின் பின்புறத்தில் முட்டியது. முழங்காலில் ஒரு சிராய்ப்பு, வண்டியில் ஒரு இண்டிகேட்டர். சேதம் அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை அவர் மனைவி கிருபா போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

"அந்த வண்டிய வித்துருங்க. இல்லன்னா..." என்று ஆரம்பித்தவளுக்கு, இல்லையென்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. "இல்லன்னாலும் வித்துருங்க" என்று முடித்தாள்.

சாம்சுந்தர் இறங்கி வந்தார். வண்டியைத் துள்ள வைத்த கிளச்சை இன்னும் ஒரே ஒரு தடவை சரிபார்ப்பது. அதற்குப் பிறகும் கையை வலிக்க வைத்தால் வண்டியை விற்றுவிடுவது. மனைவிக்கு அவர் கொடுத்த வாக்கு அது.

அந்த ஒரே ஒரு தடவை இன்று, சனிக்கிழமை, வந்தே விட்டது.

கிருபா சாப்பாட்டுக் கேரியரோடு திருத்தங்கல் ரோட்டிலிருக்கும் பட்டறைக்குள் நுழைந்தபோது, அவள் தம்பி தேவமணி தரையில் உட்கார்ந்து வண்டியின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தான். பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் சாம்சுந்தர்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டீகளா இல்லையா?"

"ரெண்டே போல்ட்டுக்கா. முடிஞ்சிரும்."

"பன்னெண்டு மணிக்கு போன் பண்ணப்பவும் ரெண்டு போல்ட்டுன்னுதானே சொன்ன?"

"அது வேற ரெண்டு போல்ட்டு."

சாம்சுந்தர் சிரித்தார். கிளச் தொல்லை தொடங்கிய இந்த மூன்று மாதத்தில் அவர் இப்படிச் சிரித்ததே வண்டிப் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

வண்டியின் பெயர் துருவா. வேகத்துக்கென்று குனிந்து ஓட்டும் வண்டிகள் உண்டு. தூரத்துக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி, காற்றைப் பிளக்க முன்னால் ஒரு கூடும், இடுப்பு நோகாத இருக்கையும் வைத்துச் செய்தது துருவா. பத்தொன்பது வருடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது செய்தவர்கள்தான். ஓட்டுகிறவர்கள் நிறுத்தவில்லை.

'துருவா சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சாத்தூரில் இருக்கிறவனும் ஓசூரில் இருக்கிறவனும் அதில் சொந்தம்தான். ரோட்டில் எதிரே ஒரு துருவா வந்தால் ஹெட்லைட்டை இரண்டு முறை மின்னவிட வேண்டும்; அது வணக்கம். ஒரே ஒரு முறை மின்னினால், 'உதவி வேண்டும், நில்' என்று அர்த்தம். வண்டியை விற்றால் சொந்தத்துக்குள்தான் விற்க வேண்டும். கடையில் கிடைக்காத பாகம் ஒருவனுக்குத் தேவைப்பட்டால், இன்னொருவன் தன் வண்டியிலிருந்தே கழற்றிக் கொடுப்பான்.

தேவமணி இப்போது மாட்டிக்கொண்டிருப்பதும் அப்படி வந்ததுதான். ஓசூரிலிருக்கும் காசிராஜன் தன் என்ஜினின் வலது பக்க மூடியை, அதோடு சேர்ந்த கிளச் ஆர்மோடு, கழற்றி கூரியரில் அனுப்பியிருந்தார். அவர் வண்டி இப்போது ஓசூரில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அவர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறார்.

"முகம் தெரியாத மனுசனுக்கு எவனாவது இப்படிச் செய்வானா?" என்றாள் கிருபா.

"முகம் தெரியாட்டி என்னக்கா, வண்டி நம்பர் தெரியும்ல."

வண்டி ஓட்டாதவர்களுக்கு கிளச் என்பது ஒரு பெயர்தான். அது செய்யும் வேலை எளிமையானது. என்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ சில நேரம் நிற்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவே வட்டத் தகடுகளை அடுக்கி, ஸ்பிரிங்குகளால் இறுக்கி அழுத்தி வைத்திருக்கிறார்கள். தகடுகள் ஒட்டியிருக்கும்வரை என்ஜினின் சுற்று சக்கரத்துக்குப் போகும். இடது கை லீவரை இழுத்தால் ஒரு வயர் ஆர்மை இழுக்கும், ஆர்ம் ஸ்பிரிங்குகளைத் தள்ளும், தகடுகள் விலகும். அதாவது, கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இடது கையின் நான்கு விரல்கள் அந்த ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கு நிற்கின்றன.

ஸ்பிரிங்குக்கு வயதானால் தளரும்; இறுகாது. கிளச் இறுகுகிறது என்றால் வழியில் வேறு ஏதோ உரசுகிறது. துருவாவில் அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கிளச் வயர் என்ஜின் தலையை ஒட்டிப் போகிறது. சூடேறினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி வயரைக் கவ்விப் பிடிக்கும். இந்த மாடலுக்குப் பிறவியிலேயே உள்ள குறை அது.

அதனால்தான், "காலையில நல்லாத்தான் இருக்கு, ஓட்ட ஓட்ட கிளச் ஹார்டாயிருது" என்று மூன்று மாதம் முன்பு சாம்சுந்தர் குழுவில் சொன்னதும், அத்தனை பேரும் ஒரே குரலில் 'வயர்' என்றார்கள். வயரை மாற்றினார்கள். குறையவில்லை. இன்னொரு வயர். பிறகு தகடுகள். இப்போது ஆர்ம்.

"நீ இழுத்துப் பாத்தியாடா? உனக்கும் ஹார்டா இருந்துச்சா?" என்று கிருபா ஒரு தடவை தம்பியிடம் கேட்டிருக்கிறாள்.

"என் கைய நம்பக் கூடாதுக்கா. இது ஸ்பேனர் புடிக்கிற கை. எந்த கிளச்சும் எனக்கு ஹார்டாத் தெரியாது. வண்டியப் பத்தி ஓட்டுறவர் சொல்றதுதான் சரி" என்றான் அவன். அது அவன் பட்டறைச் சட்டம். வாடிக்கையாளர்கள் அவனைத் தேடி வருவதே அதனால்தான்.

கடைசி போல்ட்டும் ஏறியது. சாம்சுந்தர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, லீவரை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"மாப்ளே... பஞ்சுலே! பஞ்சு!"

"இருங்கத்தான். இன்னும் சூடாகல. வெம்பக்கோட்டை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து சொல்லுங்க. அக்காவையும் ஏத்திக்கோங்க. லோடு இல்லாம ஓட்டினா தெரியாது."

"நான் லோடாலே?"

"இல்லக்கா, நீ நர்ஸு. உன் எடைதான் லோடு."

கேரியரை அவன் தலையில் போடுவதுபோல ஓங்கிவிட்டு, கிருபா துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டாள். வண்டியில் ஏறும்போது மனதுக்குள் ஒரு ஜெபம் செய்தாள். இருபது வருடம் பிரசவ வார்டில் எத்தனையோ பேருக்காக ஜெபித்தவள், இப்படி ஒன்றை ஒருநாளும் கேட்டதில்லை.

'ஆண்டவரே, கிளச் இறுகட்டும்.'

கிளச் சரியாகிவிட்டால் வண்டி வீட்டிலேயே இருக்கும். இன்றைக்குப் பால் வேன், நாளைக்கு லாரி. இறுகினால் போதும், வாக்குக் கொடுத்தவர் விற்றுவிடுவார். லெந்து தவக்கால நாட்களில் புருசன் ஆசைப்பட்டதற்கு எதிராக ஜெபிக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் ஜெபத்தை வாபஸ் வாங்கவில்லை.

வெயில் ரோட்டில் அலையாய் எழுந்தது. இருபுறமும் கருவேலங்காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள். பட்டாசு மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும் என்பதால், கம்பெனி வேன்கள் இந்நேரமே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

கிருபா இந்த வண்டியில் ஏறி வருடக்கணக்காகிவிட்டது. முன்கூடு காற்றை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் அனுப்பியது. அவர் பேசுவது கூடத் தெளிவாகக் கேட்டது.

"எப்படி இருக்கு?"

"உக்கார நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனசில்லாமல்.

"இதுக்குத்தான் கிருபா. இதுக்குத்தான் எவனும் இத விட மாட்டேங்கான்."

எதிரே ஒரு சிவப்பு துருவா வந்தது. சாம்சுந்தர் ஹெட்லைட்டை மின்னவிட்டார். அதுவும் மின்னியது. கடந்துபோனது. போனது, கொஞ்ச தூரத்தில் திரும்பி வேகமாகப் பின்னால் வந்து அவர்களை மறித்து நின்றது.

பட்டாசுக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தருண்குமார். முப்பது வயதிருக்கும். அப்பாவின் துருவாவை அவர் காலத்துக்குப் பின் ஓட்டுகிறவன்.

"என்ன அண்ணாச்சி? என்ன உதவி?"

"உதவியா? ஒண்ணுமில்லையே தம்பி."

"ஒரு தடவதானே அடிச்சீக?"

"ரெண்டு தடவ அடிச்சேனே!"

"ஒண்ணுதான் அண்ணாச்சி மின்னுச்சு." தருண்குமார் எட்டிப் பார்த்தான். அந்தச் சுவிட்ச் இடது கைப்பிடியில், ஆள்காட்டி விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். "சுவிட்சுல காண்டாக்ட் போயிருக்கும். தேவமணி அண்ணன்கிட்ட சொல்லுங்க. கிளச் எப்படி?"

"இப்ப வரைக்கும் பஞ்சு."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஆர்முன்னு?"

"நீ வயருன்னு சொன்னலே!"

"அதுக்கப்புறம் ஆர்முன்னு சொன்னேன்" என்று சிரித்துவிட்டு, இரண்டு முறை ஹார்ன் அடித்துப் போனான்.

வெம்பக்கோட்டை அணைக்கரையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே கிளம்பினார்கள். கிருபாவின் ஜெபம் பலிப்பதாகத் தெரியவில்லை. இரண்டு வேகத்தடைகளை வண்டி பூப்போல ஏறி இறங்கியது. சாம்சுந்தர் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார்.

மூன்றாவது வேகத்தடையின் முன் ஒரு வேன் பெண்களை இறக்கிவிட நின்றது.

சாம்சுந்தர் பிரேக்கைப் பிடித்தார். கிளச்சை இழுத்தார். லீவர் பாதியில் நின்றது. தகடுகள் முழுதாக விலகவில்லை. என்ஜின் ஓடப் பார்க்க, சக்கரம் நிற்கப் பார்க்க, வண்டி இரண்டு முறை முட்டித் துள்ளி, வேனின் கதவருகே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சேலை முந்தானையை உரசிக்கொண்டு அணைந்தது. பின்னால் வந்த இன்னொரு வேன் கிறீச்சிட்டு நின்றது. 

"வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினார் அதன் டிரைவர்.

முந்தானையை இழுத்துக்கொண்ட பெண் திட்டவில்லை. கிருபாவின் முகத்தைப் பார்த்து, "நீ தண்ணியக் குடிம்மா மொதல்ல" என்று பாட்டிலை நீட்டினாள்.

இருவரும் வண்டியை ஒரு வேப்பமர நிழலுக்குத் தள்ளினார்கள். சாம்சுந்தருக்கு முகமெல்லாம் வேர்வை.

"பாத்தியா? சூடாகுற வரைக்கும் பஞ்சு. சூடானதும் கல்லு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி கிருபா. சொன்னது சொன்னதுதான். வித்துருவோம்."

கேட்டது கிடைத்துவிட்டது. கிருபாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் போய் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ஜினின் அனல் கெண்டைக்காலில் அடித்தது. இரும்பு ஆறும்போது வரும் 'டிக் டிக்' சத்தம் இன்னும் தொடங்கவே இல்லை.

மூன்று மாதம் வீட்டை இரண்டாக்கிய அந்த கிளச் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. லீவரை நான்கு விரல்களால் பற்றி, பலமாக இழுக்கத் தயாராகி, இழுத்தாள்.

லீவர் வந்து கைப்பிடியில் முட்டியது.

தவறாக எதையோ இழுத்துவிட்டோமோ என்று பார்த்தாள். அதேதான். மறுபடி இழுத்தாள். பிறகு இரண்டு விரல்களால் மட்டும். வந்தது. சூடான என்ஜின், சூடான வயர், காய்ந்த வெயில். கிளச் கடைசிவரை வந்தது.

கிருபா லீவரை மெல்ல விட்டாள். கை அப்படியே அதன்மேல் இருந்தது.

"என்னங்க."

"ம்?"

"கையக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

அவர் வலது கையைக் காட்டினார். "அது இல்ல. அந்தக் கை."

புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தசை உண்டு. இரண்டு விரல்களையும் ஒட்டி அழுத்தினால் அது சின்ன மேடாக எழும்பும். இதை வாசிக்கிற யாரும் இப்போதே செய்து பார்க்கலாம். சாம்சுந்தரின் வலது கையில் மேடு எழுந்தது. இடது கையில் அந்த இடம் குழிந்திருந்தது. குழிக்குள் தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

கிருபா கைப்பையில் துழாவி ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தாள். "இத ரெண்டு விரலுக்கும் நடுவுல இறுக்கிப் புடிங்க. நான் இழுப்பேன். விடக் கூடாது."

"பேப்பர் புடிக்கிறதுதான் என் தொழிலு. எனக்கே டெஸ்டா?"

வலது கையிலிருந்து இழுத்தபோது டிக்கெட் கிழிந்தது. மிஞ்சிய பாதியை இடது கையில் கொடுத்தாள். அவர் பல்லைக் கடித்துப் பிடித்தார். அவள் இழுத்தாள். அது சத்தமே இல்லாமல் நழுவி வந்தது.

"வேர்வை" என்றார் சாம்சுந்தர்.

"ஆமா. வேர்வைதான்." அவள் டிக்கெட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "பிரஸ்ல கை வலிக்குதா?"

"கைக்கு என்ன? அங்கனயும் மெஷின்தான் தொல்லை. அந்த இடது பட்டன் சனியன் ஒழுங்கா வேலை செய்ய மாட்டேங்கு. எலெக்ட்ரீசியன் ரெண்டு தடவ மாத்திட்டான்."

சாம்சுந்தருக்கு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. நோட்டுப் புத்தகக் கட்டை அடியில் வைத்தால், மேலிருந்து ஒரு ஆள் நீளக் கத்தி இறங்கி ஒரே வெட்டாக வெட்டும். கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டும் ஒரு முழத்துக்கு மேல் தள்ளி இருக்கும். அவசரத்துக்கு ஒரே பட்டனாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால், எந்தக் கையும் கத்திக்கு அடியில் இருக்க முடியாது. அதற்காகத்தான் இரண்டு.

"அப்போ எப்படி அழுத்துறீக?"

"வழி இல்லாமலா? இப்போல்லாம் முழங்கையால அழுத்திருதேன்." பெருமையோடு இடது முழங்கையை மடக்கிக் காட்டினார். "மெஷினுக்கு முழங்கைன்னு தெரியவா போகுது?"

முழங்கை பட்டனில் இருந்தால், அந்தக் கை எங்கே இருக்கும் என்று கிருபா பார்த்தாள். சாம்சுந்தர் காட்டிக்கொண்டிருந்த கை, கத்தி இறங்கும் பக்கமாக நீண்டிருந்தது.

கிளச். ஹெட்லைட் சுவிட்ச். பட்டன். மூன்றும் இடப்பக்கம். ஓட்ட ஓட்ட என்ஜின் சூடேறியது; அதே நேரத்தில் சோர்ந்துபோனது அவர் கை. மூன்றையும் கழற்றி மாற்றினார்கள், அல்லது மாற்றச் சொன்னார்கள். ஓசூர்வரை இத்தனை பேர் சேர்ந்து, இத்தனை அறிவோடு, இத்தனை அன்போடு, வண்டியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அவர்களைச் சொல்லி என்ன? பிள்ளை பிறந்ததும் கிருபா அதன் உள்ளங்கையில் தன் விரலை வைத்துப் பார்ப்பாள். பிள்ளை இறுகப் பற்றினால் சரி. ஒரு நாளில் எத்தனை கைகள்! வீட்டில், இரண்டு மாதமாகச் சட்டை போடாமல் பட்டன் இல்லாத பனியனோடு திரியும் மனுசனை, கோயிலுக்காவது சட்டை போடக் கூடாதா என்று திட்டியிருக்கிறாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை.

கழுத்தில் நரம்பு நசுங்கியிருந்தாலும் இப்படி ஆகும். முழங்கையில் சிக்கியிருந்தாலும் ஆகும். இவை இரண்டும் இல்லாத, தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் ஒன்றையும் படிக்கிற காலத்தில் பார்த்திருக்கிறாள். அதன் பெயரை நினைக்கப் பயந்து, அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை லீவு போடுங்க. மதுரைக்குப் போகணும், டாக்டரப் பாக்க."

"யாருக்கு?"

'உங்களுக்கு' என்று வாய்வரை வந்தது. அவர் வண்டியைத் தோற்றுவிட்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் மாறிவிட்டது.

"எனக்குத்தான். கழுத்து வலி. துணைக்கு வாங்க."

"சொல்லவே இல்ல?" என்று பதறி எழுந்தார் சாம்சுந்தர். "கழுத்து வலியோடவா உன்ன இம்புட்டுத் தூரம் ஏத்திட்டு வந்தேன்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேவமணிக்குப் போன் செய்தாள்.

தேவமணி வாடிக்கையாளர் ஒருவரின் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். "என்னாச்சுத்தான்? மறுபடியும் ஹார்டா?"

"கல்லுலே. நீயே ஓட்டிப் பாரு. சூடு ஆறதுக்குள்ள பாரு."

தேவமணி ஏறினான். அணைக்கரை வரை போய்த் திரும்பினான். வழியில் அவன் வேண்டுமென்றே கியரை ஏற்றுவதும் இறக்குவதும் கேட்டது. வந்து நின்றபோது இறங்கவில்லை. லீவரை இழுத்தான், விட்டான், இழுத்தான். தன் கையைத் திருப்பிப் பார்த்தான். முதல் முறையாக, நம்பக் கூடாத அந்தக் கையை அவன் நம்பினான்.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கிருபா தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று அசைத்தாள்.

"எப்படிலே இருக்கு?" என்றார் சாம்சுந்தர்.

"ஹார்டாத்தான் இருக்குத்தான்" என்றான் தேவமணி. "ரொம்ப ஹார்டு."

வாழ்க்கையில் அவன் ஒரு வண்டியைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது.

சாம்சுந்தரின் தோள்கள் தளர்ந்தன. தன் தவறில்லை என்று யாரோ தீர்ப்புச் சொன்னதுபோல ஒரு நிம்மதியும் அந்த முகத்தில் வந்தது. போனை எடுத்து, குழுவுக்குக் குரலிலேயே செய்தி அனுப்பினார்.

"சொந்தங்களே, சாம்சுந்தர் பேசுதேன். ஆர்ம் மாத்தியும் கிளச் சரியாகல. தேவமணியும் ஓட்டிப் பாத்துட்டான். வீட்ல வாக்குக் கொடுத்துட்டேன். வண்டிய விக்கிறேன். எடுத்துக்கிறவக நல்லாப் பாத்துக்கோங்க."

போனைப் பைக்குள் வைக்குமுன்பே அது சத்தம் போடத் தொடங்கியது. ஒன்று. இன்னொன்று. பிறகு நிற்காமல்.

"அவசரப்படாதீக அண்ணாச்சி."

"கிளச் அவுசிங் பாத்தீகளா, அந்தத் தகடு உக்காருற கூடு? என்கிட்ட இருக்கு."

"என் வண்டிய ஒரு மாசம் வச்சுக்கோங்க, உங்க வண்டிய நான் பாக்கேன்."

ஓசூர் காசிராஜன்: "மொத்த என்ஜினையும் வேணா அனுப்புறேன்."

சாம்சுந்தர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவர் முகம் வெளிச்சமானது. "பாரு கிருபா. பாருலே மாப்ளே. எவனும் விட மாட்டேங்கான்!"

தேவமணி அக்காவின் அருகே வந்து, உதடு அசையாமல், "என்னக்கா இது? என்ன ஆச்சு அத்தானுக்கு?" என்றான்.

"தெரியலடா."

"இவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"அதுவும் தெரியல."

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. தருண்குமார் அனுப்பியது. அவன் வீட்டு வாசலில் சிவப்பு துருவா. அதன் வலது பக்கம் பாதி திறந்து, அடியில் வைத்த தட்டில் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு வரி: "அப்பா வண்டி கிளச் அம்சமா இருக்கும் அண்ணாச்சி. அவுசிங்கோட கழட்டுறேன். சாயங்காலம் பட்டறைக்குக் கொண்டு வந்துருதேன்."

சாம்சுந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் அப்பா வண்டி கிருபா. அதப் போய்..." சற்று நிறுத்திவிட்டுக் குழந்தைபோல அவளைப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துரட்டுமா? இதுதான் கடைசி."

கிருபா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"உனக்குத்தான் டைப்பிங் வேகமா வரும். 'நன்றி தம்பி, கொண்டு வா'ன்னு போடு."

போன் அவள் கைக்கு வந்தது. படத்தில் ஆயில் இன்னும் ஒழுகுவதுபோல இருந்தது. இல்லாத ஒரு பழுதுக்காக, ஊருக்குள் ஒருவன் தன் அப்பாவின் வண்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். நிறுத்தாவிட்டால் நாளை இன்னொருவன் பிரிப்பான். நிறுத்த வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல, முதலில் அது இவருக்குத் தெரிய வேண்டும்.

அவள் டைப் செய்தாள்: "தம்பி, கழட்டாதீங்க. வண்டில குறை இல்ல."

அனுப்பினாள்.

"போட்டியா?"

"போட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவள் வாயைத் திறக்குமுன் போன் கையிலேயே அதிர்ந்தது. திரையில் தருண்குமாரின் பெயர்.

"அவன்தானே? குடு, நான் பேசுதேன்" என்று சாம்சுந்தர் இடது கையை நீட்டினார்.